பச்சை விளக்கு எரிகிறதா?

மார்ச் 2

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீயும் இருக்க மாட்டாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை நாம் பேசிய லட்சணம் உனக்கும் தெரியும், பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும். அவர் கடை போனில்தானே அந்தக் கத்து கத்தினாய். அதனால் இனி எல்லாம் எழுத்தில்தான்.

இங்கே என்னை மோட்டார் காயில் சுற்றுகிற மேசையிலிருந்து எடுத்து, பம்ப் ஹவுஸ்களைச் சுற்றிப் பார்க்கிற வேலைக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் பதினெட்டு பம்ப் ஹவுஸ், எல்லாம் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடங்கள். சொந்த வண்டி இருக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வண்டியோடு வந்து நிற்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பதினோரு வருஷமாக ஒரே மேசையில் செம்புக் கம்பி சுற்றியவளுக்கு இது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்கிறார்கள் இங்கே. ஸ்கூட்டருக்குப் பின்பிரேக் இடது கையில். என் இடது கை ஒரு டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்காது. கிளட்ச் கிடையாது, பிரேக் வலது கையிலும் வலது காலிலும் என்று இருக்கிற ஒரே வண்டி நம் குண்டன்தான். உலகத்தில் வேறு இருக்கலாம், என்னிடம் இருப்பது அது ஒன்று.

எனவே குண்டனை லாரியில் ஏற்றி அனுப்பு. பார்சல் ஆபீசில் விசாரித்துவிட்டேன். அந்த எடையைத் தூக்க முடியாது, தானாக ஓடிப் பலகையில் ஏறினால் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஓட விடு என்று சொல்லிவிட்டு வந்தேனே, செய்கிறாய்தானே?

அந்தக் கருப்புக் கண்ணாடிக்காரர் மறுபடி வந்து விலை கேட்டாரா? கேட்டால் வண்டி விற்பனைக்கு இல்லை என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பு. அவரோடு டீ குடிக்க வேண்டாம்.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வேலை விஷயம் கேட்டு சந்தோஷம். நிஜமாகத்தான்.

குண்டன் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி போட்டால் ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் தெருவையே கூப்பிடுகிறது. பட்டனை அழுத்தினால் மட்டும் ஊமை. ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்பாய். கொஞ்ச நாளாக.

கருப்புக் கண்ணாடிக்காரர் வந்தார். டீ குடிக்கவில்லை.

பள்ளிச் சீருடை தைக்கிற நேரம். கடையில் நிற்கக்கூட இடமில்லை, துணி மலையாகக் கிடக்கிறது. அதனால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

"கொஞ்ச நாளாக" என்பது ஒரு தேதியா? உன்னிடம் சட்டை தைக்கக் கொடுத்தவன் எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் இதையேதான் சொல்வாய் போலிருக்கிறது.

சரி, ஊமைக்கு வைத்தியம் பார்ப்போம். மாடத்தில் என் பழைய மீட்டர் இருக்கிறது. கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய். வரிசை மாறினால் நீயும் குழம்பி என்னையும் குழப்புவாய்.

முதலில் பேட்டரி. மீட்டரின் சிவப்பு முள்ளைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் வைத்து எண்ணை எழுது. பட்டனை அழுத்தியபடியே இன்னொரு முறை எழுது. பிறகு ஃபியூஸ். பிறகு ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் இருக்குமே, அது. அதன் இரண்டு தடித்த முனைகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டு எடு. மோட்டார் சுற்றினால் மோட்டார் நலம். நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, முன்னால் வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே சின்னதாகப் பச்சை விளக்கு ஒன்று உண்டு. வண்டி நியூட்ரலில் இருக்கிறது, அதாவது எந்தக் கியரிலும் இல்லை என்பதற்கு அடையாளம். நியூட்ரலில் இல்லாவிட்டால் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சினுக்கு அடியில் அதற்கென்றே ஒரு குட்டி சுவிட்ச் காவல் இருக்கிறது. பச்சை எரிகிறதா என்று பார்.

கண்ட மெக்கானிக்கையும் கூப்பிட்டுவிடாதே. ஒட்டுவேலை செய்துவிட்டுப் போவான்கள். ஒட்டுவேலை செய்கிறவனை நான் என் பட்டறையிலேயே உட்காரவிட மாட்டேன்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நீ சொன்னபடி எல்லாம் பார்த்தாயிற்று. கணக்குத் தாளை இந்தக் கடிதத்தோடு தனியாக வைத்திருக்கிறேன்.

பேட்டரி 12.7. பட்டனை அழுத்தினாலும் அதே 12.7, அசையவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலேயை ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும் பொறி பறந்து மோட்டார் ஜோராகச் சுற்றியது. ஸ்க்ரூடிரைவர் நுனி கருகிவிட்டது. அது நான் பாபின் பெட்டி திருக வைத்திருந்தது, போகட்டும்.

பச்சை விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்குமோ என்று பக்கத்திலிருக்கிற சிவப்பு விளக்கின் பல்பைக் கழற்றி மாட்டியும் எரியவில்லை.

வாண்டு உன்னைக் கேட்டாள். அத்தை எப்போது வருவாள் என்று அல்ல, அத்தைக்குக் கோபமா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தாளை இன்னும் அதிகத் தடவை.

முதல் சந்தேகம். அந்தத் தாளில் இருப்பது உன் கையெழுத்து இல்லை. உன் ஏழு குடை மாதிரி வளையும். இந்த ஆள் ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறார். மீட்டர் பிடித்தது யார்?

இரண்டாவது சந்தேகம் பச்சை விளக்கு. அது எரிந்தே ஆக வேண்டும். பேட்டரி நன்றாக இருந்து, பல்பும் நன்றாக இருந்தால், எரியாமல் இருக்க அதற்கு வழியே இல்லை. எனக்கு அந்த வண்டி தெரியும். ஆகவே சீட்டைக் கழற்றி யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவற்றின் தலையில் புதிதாகக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

கருப்புக் கண்ணாடிக்காரர் டீ குடிக்கவில்லை என்று எழுதினாய். வண்டியைத் தொட்டுப் பார்த்தாரா என்று எழுதவில்லை. வாங்குகிறவன்தான் சீட்டைத் தூக்கிப் பார்ப்பான்.

இன்னும் ஒன்று செய். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை ஒன்றில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை ஒரு தரம் அழுத்து. என்ன ஆகிறது என்று மட்டும் எழுது. ஏன் என்று கேட்காதே.

நாள் ஓடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான் இருக்கிறது எனக்கு.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

தாளை எழுதியது என் மனைவி. மீட்டரைப் பிடித்ததும் அவள்தான். அவளுக்கு அந்த அளவு புத்தி இல்லை என்று நினைத்துவிட்டாயா?

ஸ்க்ரூ தலையில் கீறல் எல்லா வண்டியிலும் இருக்கும்.

கியரில் போட்டுப் பட்டனை அழுத்தச் சொல்கிறாய். அதை நான் செய்ய மாட்டேன், வீட்டில் யாரையும் செய்யவும் விடமாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் கேள்.

நானும் ஒன்று கேட்கிறேன், நீயும் ஏன் என்று கேட்காமல் பதில் சொல். நியூட்ரலில் இல்லாவிட்டால் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது, காவலுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று பத்தாம் தேதி நீதானே எழுதினாய்? அப்படியானால் கியரில் போட்டுப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியுமே. தெரிந்ததை எதற்கு என்னிடம் சோதிக்கச் சொல்கிறாய்?

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை. வண்டி என்னுடையது.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்று. கூலி இங்கே வந்ததும் நான் கொடுத்துக்கொள்கிறேன். உடைந்தாலும் நெளிந்தாலும் சரி, வண்டி என் கண் முன்னால் வந்தால் போதும், ஒரே நாளில் ஓட்டிக் காட்டுவேன். முடியும், முடியாது என்று ஒரு வரி எழுது. தந்தி மாதிரி எழுது, கதை வேண்டாம்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

முடியாது. இப்போது முடியாது.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நேற்று என் வைராக்கியத்தை விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போன் போட்டேன். உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. "கடை எப்படி நடக்குது, சீருடை வேலை ஜாஸ்தியாமே" என்று சும்மா விசாரித்தேன்.

"எந்தக் கடைம்மா? தம்பி கடை பூட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே" என்றார். பிறகு யாரோ பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார்கள். உடனே, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, தம்பிகிட்டயே கேட்டுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

ஊரே சேர்ந்து வாயைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு என்ன செய்துவைத்திருக்கிறாய்?

நானே சொல்கிறேன். வண்டியை விற்றுவிட்டாய். வாங்கியவன் சீட்டைக் கழற்றிப் பார்த்தான், ஒயர்களைக் கலைத்தான், ஏதோ ஒத்துவராமல் பாதியில் நிற்கிறது பேரம். அல்லது முழுசாகவே போய்விட்டது, நீங்கள் இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்த்து எனக்கு எண் எழுதி அனுப்புகிறீர்கள். "இந்த இரும்பு மாட்டை எத்தனை நாள் என் வீட்டு வாசலில் கட்டிப்போடுவது" என்று போனில் கேட்டவன்தானே நீ. சீருடை தைக்கிறேன் என்று எழுதினாயே, பூட்டிய கடைக்குள் உட்கார்ந்தா தைத்தாய்?

விபத்தில் இடது கை முடங்கி நான் வந்தபோது என் தட்டில் சோறு பிசைந்து வைத்தவன் நீ. அதனால்தான் வண்டியை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லை.

ஒன்றாம் தேதி கிளம்பி வருகிறேன். வண்டி இருந்தால் எடுத்துக்கொண்டு போவேன். இல்லாவிட்டால் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போவேன். உன் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

இதைப் படித்துவிட்டுக் கிளம்பு. விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி இங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் நெளிந்து போய், சுவரோரம், தார்ப்பாய்க்கு அடியில். கருப்புக் கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ வேண்டாம் என்று போனார்.

பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. நீ சொன்னபடி பத்து நிமிடம் ஓட விடலாம் என்று ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். அதற்கு முன்னால் வாண்டு அதன் மேல் உட்கார்ந்து 'அத்தை ஊருக்குப் போறேன்' என்று விளையாடிக்கொண்டிருந்தாள். இறங்கும்போது கியரை மிதித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றபடி சாவியைப் போட்டேன், சோக்கை இழுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது, அக்கா. பளிச்சென்று எரிந்தது. பச்சை எரிந்தால் பயமில்லை என்று நீ சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்த ஒரே பாடம். பட்டனை அழுத்தினேன்.

குண்டன் கிளம்பிவிட்டான். விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். உன் வண்டியாயிற்றே என்று பிடித்துக்கொண்டேன். கேட் தூணில் மோதி, என் மேலேயே சாய்ந்தது. வலது கால். கணுக்காலிலும் அதற்கு மேலேயும் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினாலும் தையல் மெஷின் மிதிக்கிற கால் ஆகுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. சீருடை வேலையை அடுத்த தெருக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டது நான் கேட்டுக்கொண்டதால். அவர் மேல் கோபப்படாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலில் படுத்தபடி ஒன்றையே யோசித்தேன். கியரில் இருக்கும்போது பச்சை எப்படி எரியும்? மெக்கானிக்கை வரச்சொல்லி, சீட்டைக் கழற்றச் சொன்னேன். அவர் தேடி, ஒரு சாண் நீளத்தில் ஒரு கருப்பு ஒயரைக் காட்டினார். கீழே சுவிட்சுக்குப் போக வேண்டிய ஒயரை நேராக வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. "காவல்காரனைத் தூங்க வெச்சிட்டு கதவைத் திறந்து போட்ட மாதிரிங்க. விளக்கு எப்பவும் எரியும், வண்டி எந்தக் கியர்லயும் கிளம்பும். எவனோ ஒட்டுவேலை பண்ணியிருக்கான்" என்றார்.

எவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜாயிண்டில் டேப் சுற்றவில்லை. மோட்டார் காயிலுக்குக் கட்டுகிற மாதிரி நூலை நெருக்கமாகச் சுற்றி வார்னிஷ் பூசியிருந்தது. மெரூன் நூல், நாற்பதாம் நம்பர். என் கடை நூல்.

நானே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, வண்டிப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து, அதை வெட்டினேன். அன்றிலிருந்து குண்டன் ஊமை. நீ கேட்ட எண் எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதில்லை. சீருடைதான் பொய், துணி மலையாகக் கிடந்ததும் பொய்.

முதலிலேயே சொல்லியிருக்கலாம். உன் கை போன கதையை நீ எத்தனை வருஷம் சுமந்தாய் என்று பார்த்தவன் நான். இந்தக் காலையும் தூக்கி உன் தலையில் வைக்க மனம் வரவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நீயாகக் கண்டுபிடித்து, புதிதாக ஒன்று அனுப்பி, ஒயரைப் பற்றிப் பேச்சே வராமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீயோ பச்சை எரிந்தே ஆக வேண்டும் என்று எழுதினாய். அப்போது எனக்கும் உன் மேல் சந்தேகம் வந்தது. தெரிந்தே போட்டிருக்கிறாய், தெரிந்தே என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், இப்போது ஒயர் இருக்கிறதா என்று என்னைக் கியரில் போட்டு அழுத்தச் சொல்கிறாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் இதை எழுதுவதற்குக் காரணம் என் கால் இல்லை, உன் திட்டும் இல்லை. வாண்டு. தான் கியரை மிதித்ததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "நான்தான்பா மிதிச்சேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள். இல்லை என்று சொல்கிறேன், நம்பவில்லை. தார்ப்பாய் இருக்கிற பக்கமே போவதில்லை. சைக்கிளைத் தொடுவதில்லை. எதன் மேலும் ஏறுவதில்லை. ஒயரைக் காட்டினால் அவளுக்குப் புரியும். ஆனால் யார் போட்டது என்று கேட்பாள். ஆறு வாரமாக உன் பக்கம் நின்றேன், என் பிள்ளை பக்கம் நிற்கவில்லை. அது தப்பு.

வீட்டுக்குள் கால் வைக்க வேண்டாம் என்று நீ நினைத்தால் உன் இஷ்டம்.

தம்பி


ஏப்ரல் 1

தம்பி,

பஸ் நிலையத்துக்குக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. வாசல் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். பஸ் போய்விட்டது. போகட்டும்.

நான்தான் போட்டேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாற்சந்தியில் எஞ்சின் அணைந்தது, அந்தச் சுவிட்ச் கெட்டிருந்ததால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு கையை வைத்துக்கொண்டு அவ்வளவு கனத்தை ஓரம் தள்ள முடியாமல் நடுரோட்டில் நின்றேன். அன்று சாயங்காலமே உன் கடையில் உட்கார்ந்து அந்த ஒயரைப் போட்டேன். என்ன செய்கிறாய் என்று நீ கேட்டாய், சும்மா ஒரு ஜாயிண்ட் என்றேன். புது சுவிட்ச் வரும்வரை இரண்டு நாளைக்கு என்று நினைத்தேன். சுவிட்ச் கிடைக்கவில்லை. நான் பட்டனை அழுத்துமுன் கியரைக் காலால் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டேன், பழகியதும் மறந்துவிட்டேன். உன்னிடம் சாவியைக் கொடுத்தபோது வாரா வாரம் ஓட விடு என்று சொன்னேன், இதைச் சொல்லவில்லை. மறதி பாதி. நான் ஒட்டுவேலை செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்பது மீதி.

பச்சை எரியவில்லை என்று நீ எழுதியதும், ஒயர் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒயர் ஏன் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் நேராக யோசித்திருந்தால் மீதியும் புரிந்திருக்கும். நேராக யோசித்தால் என் மேல் வரும். அதனால் உன்னைத் திருடனாக்கினேன். இந்தக் கையால் எழுதிய அந்த மார்ச் 28 கடிதத்தை அடுப்பில் போடு.

நீ வலியில் கிடந்திருக்கிறாய், நான் உன்னிடம் ஏழு எப்படி வளைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று முப்பத்தொன்று. வண்டி இல்லை என்று மேலாளரிடம் சொன்னேன். பழைய மேசைக்கே போகச் சொல்லிவிட்டார். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதினாலும் எனக்குக் கோபம் வரும்.

உன் மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். கால் வேண்டாம், முழங்கையால் தட்டினால் ஓடும், எடுத்தால் நிற்கும். சனிக்கிழமை கொண்டு வருகிறேன். இந்த முறை ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாக உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன்.

வெட்டிய ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? போடாமல் இருந்தால் வாண்டின் கையில் கொடு. இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுசாக வாசித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே. கியரை யார் மிதித்தாலும் அந்த வண்டி கிளம்பாமல் நின்றிருக்க வேண்டும். அத்தைதான் அதைக் கெடுத்து வைத்தாள் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ஒயர் என் பட்டன் டப்பாவில் இருந்தது. வாண்டிடம் கொடுத்து, கடிதத்தை வாசித்தேன். இரண்டு இடத்தில் என் மனைவி வாங்கி வாசித்தாள்.

வாண்டு ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இல்லேன்னா நான் மிதிச்சாலும் ஓடாதா?" என்று கேட்டாள். ஓடாது என்றேன். "நூறு தடவை மிதிச்சாலும்?" என்றாள். ஓடாது என்றேன். ஒயரோடு வெளியே போனாள். தார்ப்பாயை இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க முடியாதபடி நான் கட்டிலில். பிறகு ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தாள். மருந்துக் கடைக்காரர் வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து, "அப்போ அத்தையை யாரு திட்டுறது?" என்று கேட்டாள். எனக்குத் தெம்பில்லை, நீயே திட்டிக்கொள் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருக்கப் போகிறாளாம். உள்ளே வர வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வரும்போது நியூட்ரல் சுவிட்ச் ஒன்று எங்கே கிடைத்தாலும் வாங்கி வா. ஒயரைத் திருப்பித் தரமாட்டாளாம்.

தம்பி